தலை ஆபரேஷன் முடித்து வீட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

என் அக்காவுக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும், நரம்பு அறுவை சிகிச்சைத் துறைத் தலைவருக்கும்,

என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. கிருமித்தொற்று இந்த ஆபரேஷனில் வரக்கூடியதுதான், அது ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது, உறவினர் கையெழுத்தும் போட்டிருக்கிறார், ஆகவே டிஸ்சார்ஜ் நடைமுறையில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பக்கக் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். முதல் மூன்றையும் நான் மறுக்கவில்லை. நாலாவதாகச் சொன்னதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்தத் தடவை உங்களுக்கு மட்டும் எழுதாமல், தலை ஆபரேஷன் முடிந்து ஆளை வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிற எல்லாரும் படிக்கும்படி வெளியில் எழுதுகிறேன்.

தொற்று ஏன் வந்தது என்று நான் கேட்கவே இல்லை. என் புகாரை முழுசாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். மண்டை ஓட்டைத் திறந்து செய்கிற ஆபரேஷனுக்குப் பிறகு மூளை உறையில் தொற்று வருவது 0.8 முதல் 1.5 சதவீதம் பேருக்கு என்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2010-இல் வந்த கட்டுரை சொல்கிறது. எவ்வளவு நல்ல தியேட்டராக இருந்தாலும், எவ்வளவு கைதேர்ந்த டாக்டராக இருந்தாலும் அந்த எண்ணிக்கை பூஜ்ஜியமாகாது என்பது எனக்கும் புரிகிறது. அக்காவின் மெனிஞ்சியோமா கட்டியை, அதாவது மூளை உறையில் வளர்ந்த கட்டியை, நீங்கள் எடுத்த விதத்தில் எனக்குக் குறையே கிடையாது. என் கேள்வி வேறு. தொற்று வந்துவிட்டது என்பதற்கான அடையாளங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, அவற்றை நாங்கள் பார்த்தோம், பார்த்ததை உங்களிடம் சொல்லவும் செய்தோம், கேட்டுக்கொள்ள உங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. ஏன் இல்லை?

நடந்ததைத் திரும்பவும் சொல்கிறேன்.

அக்கா தையல் வேலை செய்கிறவர். ஆபரேஷன் முடிந்த முதல் வாரக் கடைசியிலேயே டிஸ்சார்ஜ் செய்தீர்கள், தையலை எங்கள் ஊரிலேயே பிரித்துக்கொள்ளச் சொன்னீர்கள், பிரித்தோம். வீட்டுக்கு வந்த புதிதில் நன்றாகவே இருந்தார். மூன்றாவது வாரத்தில்தான் மாறியது. அதுவும் சட்டென்று மாறவில்லை. முதலில் தலைவலி. குறைந்துகொண்டே வந்த வலி திரும்பக் கூடியது. அப்புறம் எந்நேரமும் அசதி, பகலில் உட்கார்ந்தபடியே கண் சொருகுவது. ஒரு நாள் காலையில் தலையணை உறை ஈரமாக இருந்தது, தையல் போட்ட பக்கம் மட்டும், நிறமே இல்லாத தண்ணீர். அன்றைக்கே அக்கா மகள் உங்கள் எண்ணுக்குப் போன் செய்தாள். வியர்வையாக இருக்கும் என்று பதில் வந்தது. போனை எடுத்தவர் டாக்டரா, சிஸ்டரா, ரிசப்ஷனா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவிடம் தைக்கக் கொடுக்கிறவர்கள் அளவு பிளவுஸைக் கொடுத்துவிட்டுப் போனால் அதில் பெயர் எழுதி வைக்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. எது யாருடையது, யாருக்குக் கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்பதெல்லாம் மனப்பாடம். அந்த வாரத்தில் ஒரு நாள் பீரோவில் இருந்த ஒரு பிளவுஸைக் கையில் எடுத்து, இது யாருது, யார் இங்கே கொண்டுவந்து வைத்தது என்று கேட்டார். அது பக்கத்து வீட்டு அத்தையுடையது, பல வருஷமாக இவர்தான் அவருக்குத் தைக்கிறார். எங்களுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மாமா உடனே உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை டியூட்டி டாக்டரிடமே இணைத்தார்கள். அவர் கேட்டது: பேரைச் சொல்றாங்களா? ஊரைச் சொல்றாங்களா? கையைக் காலைத் தூக்கறாங்களா? ஃபீவர் இருக்கா? முதல் மூன்றுக்கும் ஆமாம், கடைசிக்கு இல்லை. ஆபரேஷன் பண்ணினா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், ரிவ்யூ தேதிக்குக் கூட்டிட்டு வாங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அந்த ஒரு போன் உரையாடலுக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். பேர், ஊர், கை, கால் எல்லாம் சரியாக இருந்தால், நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க நீங்கள் போடுகிற கிளாஸ்கோ கோமா ஸ்கேல் கணக்கில் 15-க்கு 15. அந்த மதிப்பெண் ஒருவர் நினைவிழந்து போகிறாரா என்பதைக் காட்டும், அதற்கு அது நல்ல கருவிதான். ஆனால் ஒரு தையல்காரருக்குத் தன் வாடிக்கையாளரின் பிளவுஸ் அடையாளம் தெரியாமல் போனதை அது எப்படிக் காட்டும்? அதைப் பார்க்கக்கூடியவர்கள் வீட்டில் கூட இருக்கிறவர்கள் மட்டும்தான். ஆள் வழக்கம்போல இல்லை, ஏதோ மாறியிருக்கிறது என்று கூட இருக்கிறவர் சொன்னால் அதுவே ஒரு மருத்துவத் தகவல். அதை நீங்கள் பயந்துபோன குடும்பத்தின் புலம்பலாக எடுத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் கேள்வி. மூளை வீக்கம் வற்றுவதற்காக டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக் கொடுத்ததே நீங்கள்தான், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தும்படி அட்டவணையும் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குத் தொற்று இருந்தாலும் காய்ச்சல் வெளியே தெரியாமல் அமுங்கியிருக்கலாம், கழுத்து விறைப்பும் இல்லாமல் போகலாம், ரத்தத்தில் வெள்ளை அணு கூடியிருந்தாலும் அது மருந்தாலா கிருமியாலா என்று சொல்ல முடியாது. இதை எனக்குச் சொன்னது பின்னால் ஐசியூவில் இருந்த உங்கள் டாக்டர்தான். அப்படியென்றால் ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருவரின் வீட்டாரிடம் காய்ச்சல் இருக்கா என்று மட்டும் கேட்டு, இல்லை என்றதும் போனை வைத்துவிடலாமா? இன்னும் ஸ்டீராய்டு போகிறதா என்று கேட்கவில்லை. தையல் பக்கம் ஈரம் இருக்கிறதா, வீங்கி மெத்தென்று இருக்கிறதா என்று கேட்கவில்லை. மாமாவாகவே தலையணை ஈரத்தைச் சொல்ல ஆரம்பித்தார், அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

தையல் வழியாகக் கசிகிற நிறமில்லாத தண்ணீர் மூளையைச் சுற்றி இருக்கிற நீராக இருக்கலாம், அது வெளியே வருகிற வழியாகவே கிருமி உள்ளே போகலாம், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு தொற்று வருவதற்கான முக்கியமான காரணங்களில் இந்தக் கசிவும் ஒன்று. உங்கள் துறையில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதத்து டாக்டருக்கும் இது தெரியும். வீட்டில் இருந்த எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி என்னிடம் இன்னும் இருக்கிறது. கட்டி எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு பெரியது, எந்த மயக்க மருந்து என்பதெல்லாம் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கிறது. எதைப் பார்த்தால் உடனே வரவேண்டும் என்பதற்குக் கடைசியில் ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில்: காய்ச்சல், வாந்தி, வலிப்பு வந்தால் தொடர்புகொள்ளவும். கசிவைப் பற்றி அதில் இல்லை, அதிகத் தூக்கத்தைப் பற்றி இல்லை, பேச்சு குழறுவதையோ மறதியையோ பற்றியும் இல்லை. அக்காவுக்குக் கடைசியில் காய்ச்சலும் வலிப்பும் வந்தன. அந்த வரியில் இருந்தபடியே எல்லாம் நடந்தது, மிகத் தாமதமாக.

நடுவில் எங்கள் ஊர் டாக்டரிடம் காட்டினோம். அவர் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலை ஆபரேஷன் ஆன ஒருவர் தன்னிடம் வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று உங்கள் சம்மரியில் அவருக்காக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அதன் விலை பெரியதாக இருந்தது. பின்னால் மூளை நீரை எடுத்து, என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கக் கல்ச்சருக்கு வைத்தபோது எதுவுமே வளரவில்லை. முன்பே மாத்திரை உள்ளே போயிருந்ததால் கிருமி வளராமல் போயிருக்கலாம் என்று சொன்னார்கள். எந்தக் கிருமி என்று தெரியாததால் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு ஒன்று, சூடோமோனாஸ், அசினிடோபாக்டர் மாதிரியானவற்றுக்கு ஒன்று என்று வான்கோமைசினும் மெரோபெனமும் வாரக்கணக்கில் நரம்பில் ஏற்ற வேண்டியதாயிற்று. எலும்புத் துண்டையும் எடுத்தார்கள். மண்டையில் அந்த இடம் இப்போதும் பள்ளமாகத்தான் இருக்கிறது, அதை மூட இன்னொரு ஆபரேஷன் பாக்கி.

ஸ்டீராய்டு நின்ற கையோடு காய்ச்சல் கொதித்தது, அடுத்த இரவு வலிப்பு. 108-ஐக் கூப்பிட்டோம், பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரவுப் பணியில் இருந்த டாக்டர் இளவயதுக்காரர். மாமா சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார், தையலில் டார்ச் அடித்துப் பார்த்தார், விரலால் அமுக்கிப் பார்த்தார், தலையணை நனைந்ததா என்று அவராகவே கேட்டார். ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு முதல் ஊசியைப் போட்டு, உங்களுக்குப் போன் செய்து, சிடி எடுத்த பிறகுதான் முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். இத்தனைக்கும் அவர் நரம்பு அறுவை சிகிச்சை படித்தவர் இல்லை, அந்த ஆஸ்பத்திரியில் அந்தத் துறையே கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் தலைவலி இருக்கும், எல்லாருக்கும் அசதி இருக்கும், போன் செய்கிற எல்லாரையும் வரச் சொன்னால் வார்டு தாங்காது என்று உங்கள் அதிகாரி ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். அது நியாயமான கவலை, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. இந்தத் தொற்றைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கஷ்டம் என்பதை இத்தனை மாதத்தில் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆபரேஷன் ஆன மூளையின் நீரில் ரத்தமும் வெள்ளை அணுவும் புரதமும் தொற்று இல்லாமலேயே கூடியிருக்கும். சிந்திய ரத்தத்தின் உறுத்தலாலேயே கிருமி எதுவும் இல்லாமல் காய்ச்சலும் தலைவலியும் வருவதுண்டு, முக்கியமாகப் பின்மூளைப் பக்கம் ஆபரேஷன் ஆனவர்களுக்கு. உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடுகிற சிஆர்பி என்கிற புரதம் எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். கண்ணாடித் துண்டில் சாயம் போட்டுப் பார்த்துக் கிருமி தெரியவில்லை என்றாலும் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில கிருமிகள் அவ்வளவு மெதுவாக வளர்வதால் கல்ச்சரைக் குறைந்தது 10 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த நீரில் லாக்டேட் என்கிற பொருள் லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது.

இத்தனை கஷ்டமான விஷயம் என்றால் இன்னும் கவனமாகத்தானே காத்திருந்து பார்க்க வேண்டும்? ஒரே ஒரு பரிசோதனையால் சொல்ல முடியாது என்றால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? இறங்கிய சிஆர்பி மறுபடி ஏறுகிறதா என்பதுதான் துப்பு. அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஒரு தடவை சிஆர்பி பார்த்தீர்கள், டிஸ்சார்ஜ் அன்று பார்க்கவில்லை, தையல் பிரிக்கும்போது பார்க்கச் சொல்லவும் இல்லை. அது எங்கள் ஊர் லேபில்கூட எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனை. இறங்கிவிட்டதா என்றே தெரியாத ஒன்று மறுபடி ஏறியதை யார் கண்டுபிடிப்பது?

நான் முதலில் சொன்ன அதே 2010 கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தலை ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற மூளை உறைத் தொற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் வாரத்தில் வருகிறது, ஒரு பங்கு இரண்டாம் வாரத்தில், மிச்சம் ஒரு பங்கு அதற்கும் பிறகு. உங்கள் நோயாளிகள் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போகிறார்கள். அப்படியென்றால் பெரும்பாலான தொற்றுகள் வெளிப்படுகிற நேரத்தில் நோயாளி உங்கள் வார்டில் இல்லை, எங்கள் திண்ணையில் இருக்கிறார். உங்கள் வார்டில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், ராத்திரியிலும் எழுப்பிப் பார்த்தார்கள், அந்தச் சிஸ்டர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளில் இருந்து அந்த வேலையைச் செய்ய வேண்டியது நாங்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரப்படாத நாங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தலை ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற ஆழமான தொற்றை 90 நாள் வரைக்கும் கணக்கில் வைக்கச் சொல்கிறது. நீங்கள் எத்தனை நாள் கணக்கு வைக்கிறீர்கள் என்று புகாரில் கேட்டிருந்தேன், பதிலில் அதைப் பற்றி எதுவும் இல்லை. வீட்டுக்குப் போனவர்களை நீங்களாகக் கூப்பிட்டு விசாரிக்காதவரை, தொற்று வந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உங்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவிலேயே முதன்முதலாக நரம்பு அறுவை சிகிச்சைத் துறை தொடங்கியது வேலூரில், 1949-இல், டாக்டர் ஜேக்கப் சாண்டி. அடுத்த வருஷம் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இந்தத் துறையில் எழுபது வருஷத்துக்கும் மேலான அனுபவம் இந்த மாநிலத்தில் இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் பார்க்க வீடு தேடி ஆள் அனுப்புகிற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் இருந்து இங்கேதான் நடக்கிறது. மைக்ராஸ்கோப்பும் நேவிகேஷனும் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் கட்டியை எடுக்கிற ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு, கட்டி எடுக்கப்பட்டவரின் வீட்டுக்கு நாலு தடவை போன் செய்ய ஆள் இல்லை என்று சொன்னால் என்னால் நம்ப முடியாது.

ஆகவே நான் கேட்பவை இவை. பணம் கேட்கவில்லை, யாரையும் வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டோடு தமிழில் ஒரு தாள் கொடுங்கள், பெரிய எழுத்தில். தையல் வழியாகவோ மூக்கு வழியாகவோ தண்ணீர் கசிந்தால், தையல் பக்கம் சிவந்தாலோ வீங்கினாலோ, குறைந்த தலைவலி திரும்பக் கூடினால், அதிகம் தூங்கினால், பேச்சோ நடையோ ஞாபகமோ மாறினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே வரவேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். "காய்ச்சல் இல்லாவிட்டாலும்" என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஸ்டீராய்டு எந்தத் தேதியில் நிற்கிறது, அது நின்ற பிறகு எந்த நாட்களில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள். தாளைக் கையில் திணித்துவிட்டு பில் கவுண்டருக்கு அனுப்பாமல், ஒரு சிஸ்டர் நோயாளியோடு கூட இருக்கிறவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அந்தத் தாளின் பின்பக்கம் ஊர் டாக்டருக்காக: இவருக்குத் தலை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தொற்று சந்தேகம் வந்தால் வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிடாமல் உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நோயாளி மோசமாக இருந்தால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசியைத் தொடங்குங்கள், அதற்காக ஆளைக் காக்க வைக்காதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு என்று உங்கள் டாக்டர்களே எழுதிக் கொடுக்கலாம்.

அந்த எண் 24 மணி நேரமும் நரம்பு அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்த ஒருவர் எடுக்கிற எண்ணாக இருக்க வேண்டும். போனை எடுக்கிறவர் முன்னால் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கட்டும், அதில் முதல் கேள்வி ஆள் வழக்கம்போல இருக்கிறாரா என்பதாகவும் அடுத்தது கசிவைப் பற்றியதாகவும் இருக்கட்டும். தையலைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வழி செய்யுங்கள். வருகிற ஒவ்வொரு போனும் நோயாளியின் கோப்பில் பதிவாக வேண்டும். அக்காவுக்காக நாங்கள் கூப்பிட்ட எதுவும் அவருடைய கோப்பில் இல்லை என்பதை நான் நகல் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கசிவு என்று சொல்கிறவரை ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

முதல் மாதத்தில் வாரம் ஒரு தடவை, அப்புறம் 90 நாள் வரை மாதம் ஒரு தடவை நீங்களாகக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்றும் தையல் பிரிக்கும் அன்றும் சிஆர்பி பார்க்க எழுதிக் கொடுத்து, முடிவை உங்கள் துறையில் யாராவது ஒருவர் முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்த 90 நாள் கணக்கில் தலை ஆபரேஷன் ஆனவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, முதல் அடையாளம் தெரிந்ததற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் நடுவில் எத்தனை நாள் ஆனது என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் தொற்று வரலாம் என்று எழுதுகிறீர்கள் இல்லையா, எத்தனை பேருக்கு வந்தது என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

அக்காவுக்காகக் கேட்பது ஒன்றே ஒன்று. மண்டையில் எலும்பு திரும்ப வைக்கிற ஆபரேஷனிலும் தொற்று வரும் வாய்ப்பு உண்டு என்று தெரியும். அதற்கு எங்களிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், மேலே கேட்டவற்றில் எவற்றைச் செய்வீர்கள், எப்போதிருந்து செய்வீர்கள், எவற்றைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு மாதத்துக்குள் தமிழில் எழுதி அனுப்புங்கள்.